தோட்டத்து ரோட்டில் ஓடும் காரை ஆட்டோகிராஸுக்குத் தயார் செய்ய எதில் காசு போடலாம்?

கையில் 2,500 மலேசிய வெள்ளி. கார் ஒரு புரோட்டோன் பிரெவே, 1.6 டர்போ. வேலை நாளெல்லாம் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஓட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டியைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்காவது ஆட்டோகிராஸ், அதாவது கூம்பு வைத்துப் போட்ட பாதையில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி, நடந்தால் அதிலும் இறங்க வேண்டும். சஸ்பென்ஷனில் எதை மாற்றுவது?

என் அக்கா மகன் கேட்ட கேள்வி இது. சிவிக், வாஜா, பெர்சோனா, வியோஸ் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் பலரும் இதையேதான் கேட்கிறார்கள். "மாமா, ஸ்போர்ட் ஸ்பிரிங்கா, அட்ஜஸ்டபுளா?" என்று, இருப்பதே இரண்டு வழிதான் என்பதுபோலக் கேட்கிறார்கள். ஸ்போர்ட் ஸ்பிரிங் என்றால் காரை இறக்கும் கெட்டியான ஸ்பிரிங். அட்ஜஸ்டபுள் என்றால் உயரத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் ஸ்பிரிங்-அப்சார்பர் செட்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். காரின் உயரத்தில் கை வைக்காதே. டயர், அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது), நல்ல அப்சார்பர், பின்பக்க பார் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஆன்டிரோல் பார்) என்று இந்த நாலில் காசைப் போடு. இதற்கு மாறாக முடிவெடுக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

ரோடு ஒன்று, கூம்பு ஒன்று

நம் ஊர் ரோட்டை விட்டுவிட்டு சஸ்பென்ஷன் பேச முடியாது. நெடுஞ்சாலையில் ஈப்போ வரைக்கும் ஒரு குறையும் இல்லை. டவுனைத் தாண்டி லிந்தாங் பக்கம் திரும்பி, செம்பனைக்குள் நுழைந்த பிறகுதான் கதையே மாறுகிறது. குலை ஏற்றின லோரிகள் தாரை அமுக்கி இரண்டு பக்கமும் பள்ளம் பண்ணியிருக்கும். சிறு பாலங்களின் இரு முனையிலும் மண் இறங்கி ஒரு படி உண்டாகியிருக்கும். அப்புறம் தார் முடிந்து செம்மண். லயத்து வாசலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று குடியிருப்பவர்களே போட்டுக்கொண்ட வேகத்தடை, அதற்கு அளவு என்று எதுவும் கிடையாது. இதையெல்லாம் கார் காலியாகத் தாண்டுவதில்லை. அம்மா, பாட்டி, சித்தி, இரண்டு பிள்ளைகள், பின்னால் டிக்கியில் அர்ச்சனைத் தட்டும் தேங்காயும் என்று ஏற்றிக்கொண்டுதான் தாண்டுகிறது.

ஆட்டோகிராஸ் கேட்பது வேறு. பெரிய கார் நிறுத்துமிடத்தில் கூம்புகளை வைத்துப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், மோதிக்கொள்ள ஆளில்லை. ஓட்டம் சுமார் ஒரு நிமிடம். பெரும்பாலும் இரண்டாவது கியர்தான், 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதே அபூர்வம். கூம்பைத் தட்டினால் நேரத்தோடு தண்டனை சேரும். அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் சங்கமான எஸ்சிசிஏவின் விதியில் ஒரு கூம்புக்கு 2 வினாடி. நம் நாட்டில் இதற்கு நெருக்கமாக அதிகம் நடப்பது ஜிம்கானா. அதில் கூம்பைச் சுற்றி 180, 360 பாகை திரும்ப வேண்டியிருக்கும், ஹேண்ட்பிரேக்கும் வேலை செய்யும். ஆட்டோகிராஸில் ஓட்டம் தொடர்ச்சியாக இருக்கும். இடது, வலது, இடது என்று கூம்புகளுக்கு நடுவே நெளியும்போது எடை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் எவ்வளவு ஒழுங்காக மாறுகிறது என்பதில்தான் வினாடிகள் ஒளிந்திருக்கின்றன.

எடை எங்கே போகிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். கடையில் காசு வீணாவதெல்லாம் இது புரியாததால்தான்.

திருப்பத்தில் கார் வெளிப்பக்கம் சாய்வதைப் பார்த்துவிட்டு, சாய்வதால்தான் எடை வெளிப்பக்கம் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மொத்தமாக எவ்வளவு எடை வெளிப்பக்க டயர்களுக்கு மாறும் என்பது நாலு விஷயத்தைப் பொறுத்தது: காரின் எடை, திருப்பத்தின் வேகம் தரும் விசை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம். ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். காரை இறக்கினால் குறையும்தான், ஆனால் எவ்வளவு? ஈர்ப்பு மையம் 550 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு செடானை 30 மில்லிமீட்டர் இறக்கினால் எடை மாற்றம் சுமார் 5 சதவீதம் குறையும். அவ்வளவுதான். அந்த 5 சதவீதத்துக்காகத் தோட்டத்து ரோட்டில் நமக்குத் தேவையான 30 மில்லிமீட்டரைக் கொடுத்துவிடுகிறோம்.

ஸ்பிரிங்கும் பாரும் செய்வது என்னவென்றால், மாறும் எடையை முன்னாலும் பின்னாலும் எப்படிப் பங்கிடுவது என்று தீர்மானிப்பது. டயருக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேல் எடை ஏற ஏற பிடிப்பும் ஏறும், ஆனால் அதே விகிதத்தில் ஏறாது. இரண்டு டயரும் எடையைச் சமமாகப் பகிர்ந்துகொண்டால் கிடைக்கும் பிடிப்பு, ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கும்போது கிடைக்காது. நம் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம். என்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீரிங், உந்துசக்தி, பாதிக்கு மேல் பிரேக் என்று எல்லாம் முன் டயரின் தலையில். அதனால்தான் கூம்பைச் சுற்றும்போது ஸ்டீரிங்கை இன்னும் ஒடித்தாலும் மூக்கு வெளியே போகிறது. இதுதான் அண்டர்ஸ்டீர். இதற்கு மருந்து, எடை மாற்றத்தில் பெரிய பங்கைப் பின்பக்கத்திடம் தள்ளுவது. பின்னால் கொஞ்சம் கெட்டியாக்கினால் முன் டயர்கள் இரண்டும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும், மூக்கு உள்ளே வரும்.

அப்சார்பரின் வேலை இன்னொன்று. கித்தா (ரப்பர்) மரம் வெட்டிப் பால் எடுத்த காலத்தில், காண்டா என்கிற தோள்கம்பில் பால் வாளி தூக்கினவர்களைப் பார்த்தவர்களுக்குச் சொன்னால் உடனே பிடிபடும். கம்பு வளைந்து நிமிரும், வாளி ஆடும், அந்த ஆட்டத்தை அடக்குவது வாளியைப் பிடித்திருக்கும் கை. ஸ்பிரிங் கம்பு, அப்சார்பர் கை. கூம்புகளுக்கு நடுவே கார் இடது வலதாக நெளியும்போது, முந்தின திருப்பத்தின் ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். அங்கே கையில்லாமல் கம்பை மட்டும் தடியாக்கிப் பயனில்லை.

ஸ்பிரிங்கை வெட்டுவது

ஒரு பத்தி போதும். வேண்டாம். வெட்டின ஸ்பிரிங், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இருக்கையை விட்டு நகரும். ஜாக்கியில் தூக்கிப் பார்த்தாலே தெரியும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் சரியாக வந்து உட்காரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பாட்டி உட்காரும் காரில் இதைச் செய்யக் கூடாது. பின்னாளில் விற்கும்போது பெயர் மாற்றப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்வாய்.

ஸ்போர்ட் ஸ்பிரிங்

பழைய அப்சார்பரை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி 30, 40 மில்லிமீட்டர் இறக்குவது. சுங்கை சிப்புட்டில் ஓடுகிற இறக்கின கார்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காசு குறைவு, ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். அழகு முக்கியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். காசு போட்டு வாங்கின காரை ஒருவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே பூட்டிவிட்டுப் போவதில் நியாயமான சந்தோஷம் இருக்கிறது.

ஆனால் ஆட்டோகிராஸ் நேரத்துக்கு இது உதவுமா என்றால், பெரிதாக உதவாது. சில சமயம் பின்னுக்கும் இழுக்கும். காரணம் முன்பக்க அமைப்பில் இருக்கிறது. பிரெவே, எஃப்சி (பத்தாம் தலைமுறை) சிவிக், வியோஸ், சிட்டி எல்லாவற்றிலும் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் தூண். அதில் சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோவர் ஆர்ம் கிட்டத்தட்ட நேராகவோ, சக்கரத்தின் பக்கம் சற்று தாழ்ந்தோ இருக்கும்படி தயாரிப்பாளர் வைத்திருப்பார். காரை இறக்க இறக்க ஆர்ம் சக்கரத்தின் பக்கம் மேலே ஏறும். அப்போது ரோல் சென்டர் என்கிற, கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சாயும் ஆசையும் கூடும். சாய்வைக் குறைக்க இறக்கினோம், இறக்கினதால் சாயும் நெம்புகோல் நீண்டுவிட்டது. ஸ்பிரிங் கூடுதலாகக் கெட்டியான அளவில் ஒரு பகுதி இதை ஈடுகட்டவே போய்விடுகிறது. அதோடு ஸ்டீரிங் ராடின் கோணமும் மாறுவதால், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது கார் தானாக ஒரு பக்கம் இழுக்கும்.

இன்னொரு சங்கடம், அப்சார்பருக்குள் மிச்சமிருக்கும் தூரம். தண்டின் மேல் பக்கத்தில் ஒரு ரப்பர் தடுப்பு இருக்கிறது. அப்சார்பர் அமுங்கி அதில் போய் இடித்துவிட்டால் அந்த மூலையின் கெட்டித்தன்மை ஒரே நொடியில் பல மடங்காகும். திருப்பத்தின் நடுவில் இது நடந்தால் டயர் பிடியை விட்டுவிடும்.

உன் காரில் எவ்வளவு தூரம் மிச்சம் என்று எந்தக் கடைக்காரரையும் கேட்க வேண்டியதில்லை, நீயே பார்த்துக்கொள்ளலாம். மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை எடு. காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அப்சார்பரின் தூசி மறைப்பை மேலே தள்ளினால் பளபளவென்று தண்டு தெரியும். அதைச் சுற்றிக் கேபிள் டையைக் கட்டி, தானாக நழுவாமலும் தள்ளினால் நகரும்படியும் இறுக்கி, அப்சார்பர் உடம்பின் வாய் வரை கீழே இறக்கிவிடு. வாலை நறுக்கிவிடு. மறைப்பை மூடி, சக்கரத்தைப் போட்டு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வழக்கம்போலத் தோட்டத்துக் கோயில் வரைக்கும் போய் வா. வேகமாகப் போக வேண்டாம், எப்போதும் போகிறபடியே போ. வந்து மறுபடி திறந்து பார். பள்ளத்திலும் வேகத்தடையிலும் அப்சார்பர் உடம்பு மேலே ஏறும்போதெல்லாம் அந்த டையைத் தள்ளிக்கொண்டே போயிருக்கும். டை நிற்கும் இடத்துக்கும் ரப்பர் தடுப்புக்கும் நடுவே இருப்பதுதான் உன் மிச்சக் கணக்கு. தண்டின் மேல் மெல்லிய செம்மண் கோடு ஒன்றும் சில சமயம் இருக்கும், அதுவும் அதே கதையைத்தான் சொல்லும்.

அக்கா மகனின் காரில் பின்பக்கம் டை ரப்பரை ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரிஜினல் உயரத்திலேயே, குடும்பம் ஏறினால் அவன் கார் பின்னால் கடைசி வரை அமுங்குகிறது. இதற்கு மேல் 35 மில்லிமீட்டர் இறக்கினால் ஒவ்வொரு பாலத்துப் படியிலும் இடிக்கும். புது ஸ்பிரிங் கெட்டி என்பதால் கொஞ்சம் குறைவாக அமுங்கும் என்பது உண்மைதான். ஆனால் 35 மில்லிமீட்டரைத் திருப்பித் தரும் அளவுக்கு அல்ல. ஸ்பிரிங் பேச்சு அன்றைக்கே முடிந்துவிட்டது.

அட்ஜஸ்டபுள்

இதை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. நல்ல அட்ஜஸ்டபுள் செட் ஒன்று, புரிந்தவர் கையில் அருமையான கருவி. உயரத்தைத் தனியாக, ஸ்பிரிங்கின் முன் அழுத்தத்தைத் தனியாக வைக்கும் பாடி ஷிஃப்ட் வகையில், காரை இறக்கினாலும் அப்சார்பரின் ஓடும் தூரம் குறையாது. மேலே கேம்பர் பிளேட் இருந்தால் சக்கரத்தின் சாய்வையும் அங்கேயே மாற்றலாம். நாலு சக்கரத்திலும் எடை பார்த்து மூலைக்கு மூலை உயரம் சரிசெய்யலாம். இதை ஒரிஜினல் உயரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தும் ஓட்டலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. வாங்கினவுடன் கடைசி மரை வரைக்கும் இறக்கிவிடுகிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால் ஸ்பிரிங் கெட்டித்தன்மையில். சாதாரண செடானின் முன் ஸ்பிரிங், ஒரு மில்லிமீட்டர் அமுங்க இரண்டு, மூன்று கிலோ எடை வேண்டும் என்ற அளவில் இருக்கும். கடையில் கிடைக்கும் அட்ஜஸ்டபுள் செட்டுகளில் 6, 7, 8 கிலோ சாதாரணம். வழுவழுப்பான ரேஸ் தளத்துக்கு அது சரி. மேடு பள்ளமான தளத்தில் சக்கரம் தரையைத் தொடர்ந்து ஓடாமல் துள்ளும், துள்ளும் டயருக்குப் பிடிப்பு கிடையாது. ஆட்டோகிராஸ் நடக்கும் இடங்களும் ரேஸ் தளங்கள் இல்லை. தையல் போட்ட தார், சாக்கடை மூடி, தண்ணீர் வடிய விட்ட சரிவு எல்லாம் இருக்கும். பேராக்கில் மத்தியானத்துக்கு மேல் மழை வராத நாள் எது? நனைந்த தளத்தில் கொஞ்சம் மெத்தென்ற கார்தான் வேகமாகப் போகும். எடை மெதுவாக மாறினால் டயருக்குத் தன் பிடியைத் தேட நேரம் கிடைக்கிறது.

மலிவான செட்டில் இருக்கும் திருகும் ஏமாற்றும். 32 நிலை என்று எழுதியிருக்கும். திருகினால் அமுங்கும் எதிர்ப்பும் நிமிரும் எதிர்ப்பும் சேர்ந்தே மாறும், அதுவும் சில நிலைகளுக்கு நடுவே வித்தியாசமே தெரியாது. இதன் மேல் செம்மண் தூசி. மேல் மவுண்டில் இருக்கும் உலோக உருண்டை மூட்டில் தூசி புகுந்துவிட்டால், மெதுவாகப் போகும்போதெல்லாம் டக் டக் என்று தட்டிக்கொண்டே வரும். ஈப்போ வேலைக்குத் தினமும் ஓடுகிறவனுக்கு அது பெரிய தலைவலி.

2,500 வெள்ளியை முழுதாக இதில் போட்டுவிட்டால் டயருக்குக் காசு மிஞ்சாது. என் பார்வையில் இதுதான் அட்ஜஸ்டபுளுக்கு எதிரான பெரிய வாதம். நல்ல சஸ்பென்ஷனும் மட்டமான டயரும் உள்ள காரை, ஒரிஜினல் சஸ்பென்ஷனும் நல்ல டயரும் உள்ள கார் கூம்புகளுக்கு நடுவே எளிதாக முந்திவிடும்.

உயரத்தில் கை வைக்காத வழி

எஸ்சிசிஏவின் ஸ்ட்ரீட் பிரிவு விதிகளைக் கவனித்தால் ஒன்று தெரியும். தினமும் ஓட்டும் காரை அப்படியே கொண்டு வருகிறவர்களுக்கான பிரிவு அது. ஸ்பிரிங்கை மாற்றக் கூடாது. அப்சார்பரை மாற்றலாம். முன்னோ பின்னோ ஏதாவது ஒரு பாரை மாற்றலாம். டயர், தேய்மானத்தைச் சொல்லும் டிரெட்வேர் எண் 200க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்த வேலியோடு ஓடும் கார்கள் நல்ல வேகமாகவே ஓடுகின்றன. நம் தோட்டத்து ரோடும் ஏறக்குறைய இதே வேலியைத்தான் நமக்குப் போடுகிறது.

முதல் வேலை, தேய்ந்ததை மாற்றுவது. லோவர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் முனை. நம் ரோட்டில் ஓடின காரில் இவை பெரும்பாலும் ஆடிப்போயிருக்கும். முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டும் டை ராடும் ஆடுவது கையிலேயே தெரியும். புஷ்ஷை டார்ச் அடித்துப் பார், ரப்பர் வெடித்திருக்கும். இதைச் செய்யாமல் செய்யும் அலைன்மென்ட், கடையை விட்டு வெளியே வந்ததும் கலைந்துவிடும்.

அப்புறம் டயர். பிரெவேயின் அளவு 205/55 ஆர்16. இந்த அளவில் தேர்வுக்குக் குறையில்லை. டிரெட்வேர் என்பது டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண். எண் குறைந்தால் பொதுவாகப் பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு. ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போடும் எண் என்பதால் ஒரு பிராண்டை இன்னொன்றோடு நேராக ஒப்பிட வேண்டாம். 200 வகை டயர் கூம்புக்கு மிக நல்லது. ஆனால் தினமும் ஈப்போ ஓடினால் சீக்கிரம் தேயும், மழைக்காலத்தில் தேய்ந்த டயர் தண்ணீர் மேல் மிதக்கும். ஒரே செட் ரிம் வைத்திருப்பவனுக்கு 300 சுற்றுவட்டாரத்தில் உள்ள ஸ்போர்ட் டயர் போதும். நாலுக்கும் சேர்த்து சுமார் 1,200 முதல் 1,600 வெள்ளி ஆகும், கடைக்குக் கடை மாறும். டோயோவின் தொழிற்சாலை நம் பேராக்கில், தைப்பிங் பக்கம் கமுண்டிங்கிலேயே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கித்தா வெட்டின ஊர்க்காரன் என்ற முறையில், டயர் வாங்கும்போது அதை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

அலைன்மென்ட்தான் இருப்பதிலேயே மலிவான வேலை, பலன் இருப்பதிலேயே பெரியது. ஒரிஜினலில் முன் சக்கரங்கள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். கார் சாயும்போது வெளிப்பக்க டயர் தன் வெளி ஓரத்தில் ஓடும், உள் பாதி சும்மா இருக்கும். கேம்பர் போல்ட் என்று மெலிந்த இடை உள்ள போல்ட் ஒரு ஜோடி கிடைக்கும். ஸ்ட்ரட்டும், சக்கரம் பொருந்தியிருக்கும் நக்கிளும் இரண்டு போல்ட்டால் சேரும் அமைப்பாக இருந்தால், ஒன்றை எடுத்துவிட்டு இதைப் போட்டு ஒரு பாகைக்கு மேல் உள்சாய்வு வாங்கலாம். முன்னால் மைனஸ் ஒன்றரை பாகை வரை தினசரி ஓட்டத்துக்கே பிரச்சனை இல்லை. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன் முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, சைபரில் இருக்கட்டும். கூம்புக்காகக் கொஞ்சம் வெளி டோ வைத்தால் மூக்கு சட்டென்று திரும்பும், ஆனால் நெடுஞ்சாலையில் டயரைத் தின்பது கேம்பரைவிட டோதான்.

காற்றழுத்தத்துக்கு ஒரு சாக்பீஸ் போதும். ஓட்டத்துக்கு முன்னால் டயரின் தோள்பட்டையில், பூவும் பக்கச் சுவரும் சேருமிடத்தில், குறுக்காக ஒரு தடித்த கோடு போடு. முன் டயரில் கதவுத்தூணில் எழுதியிருக்கும் அளவைவிட நாலைந்து பிஎஸ்ஐ கூட்டித் தொடங்கு. ஓடி வந்ததும் பார். தோளில் ஒரு சிறு முக்கோணக் குறி இருக்கும். சாக்பீஸ் அந்தக் குறி வரை அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டிப் பக்கச் சுவரிலும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று கூட்டு. குறிக்கு மேலேயே கோடு தங்கியிருந்தால் காற்று குறை. ஓட ஓட டயர் சூடாகி அழுத்தம் ஏறும், அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்போது பழைய அளவுக்குக் கொண்டுவர மறக்காதே.

பின்பக்க பார் பற்றி மேலேயே காரணம் சொல்லிவிட்டேன். பிரெவே, வாஜா, எஃப்சி சிவிக் போன்றவற்றில் பின்னால் மல்டிலிங்க், ஒவ்வொரு சக்கரத்தையும் பல கைகள் தனித்தனியாகப் பிடிக்கும் அமைப்பு. பாரை மாட்டுவதும் மாற்றுவதும் எளிது. வியோஸ், சிட்டி, பெஸ்ஸாவில் பின்னால் டார்ஷன் பீம், இரண்டு சக்கரத்தையும் ஒரே உத்திரம் இணைக்கும் அமைப்பு. அதற்கு பீமோடு சேர்த்துப் பூட்டும் வகை வேண்டும். அல்ட்ரா ரேசிங் நம் நாட்டு பிராண்ட், உள்ளூர் கார்களுக்கும் செய்கிறார்கள். நிறையப் பிள்ளைகள் முதலில் வாங்குவது இரண்டு ஸ்ட்ரட்டின் தலையையும் இணைக்கும் முன் ஸ்ட்ரட் பார், பானட்டைத் திறந்தால் தெரிகிறது என்பதால். ஆட்டோகிராஸ் நேரத்தில் அது தரும் பலன் சொற்பம். முன் ஆன்டிரோல் பாரைத் தடிமனாக்கினாலோ, மூக்கு வெளியே போகும் வியாதி பொதுவாகக் கூடத்தான் செய்யும்.

பின் பார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. திருப்பத்தின் நடுவில் சட்டென்று எக்ஸிலேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்க ஆசைப்படும். கூம்புகளுக்கு நடுவே அது பயன்படும். நனைந்த தோட்டத்து வளைவில், மாடு ஒன்று குறுக்கே வந்தால், அதே குணம் காரைச் செம்பனைக்குள் கொண்டுபோய் விடும். அதனால் இரண்டு, மூன்று துளை உள்ள பார் வாங்கி, முதலில் மெத்தென்ற துளையில் பூட்டு. நல்ல டயர் இரண்டு பின்னால் இருக்கட்டும். வீட்டில் வேறு யார் அந்தக் காரை ஓட்டுகிறார்கள் என்பதையும் யோசித்துப் பார்.

அப்சார்பர் கடைசியில் வந்தாலும் பரவாயில்லை, பழையது எண்ணெய் கசியாமல் இருந்தால். கசிந்தால் டயரோடு சேர்த்து இதுவும் முதல் வரிசைக்கு வந்துவிடும். கயாபா போன்ற தரமான பிராண்டில், ஒரிஜினல் ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி, ஆனால் சற்றுக் கூடுதலாக ஆட்டத்தை அடக்கும் வகை உன் காருக்குக் கிடைக்கிறதா என்று கேள். உயரம் மாறாது, பாட்டிக்கும் முதுகு வலிக்காது, கூம்பு நெளிவில் கார் முன்பைவிடச் சீக்கிரம் நிலைக்கு வரும். பிரெவேயின் ஓட்டத்தை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான லோட்டஸின் பொறியாளர்கள் பார்த்துச் செதுக்கினார்கள். 1996இலிருந்து 2017 வரை லோட்டஸ் புரோட்டோனின் கையில்தான் இருந்தது. அந்த ஸ்பிரிங்கும் அமைப்பும் குப்பையில் போட வேண்டியவை அல்ல.

தனியாக ஒரு கார்

யாருக்கு அட்ஜஸ்டபுள் சரி? இரண்டாவது கார் வைத்திருப்பவனுக்கு. வீட்டில் இடமிருந்து, மாதாமாதம் ஓடுகிற ஆர்வமும் நிலைத்துவிட்டால், பழைய சாத்ரியா அல்லது வீரா ஒன்றை வாங்கி அதில் எல்லா வேலையும் செய்வது, நல்ல குடும்பக் காரைக் கெடுப்பதைவிட மேல். எடை குறைவு, உதிரிபாகம் மூலைக்கு மூலை கிடைக்கும். இந்த வழியில் வந்தவர்கள் உலக அளவில் நின்றிருக்கிறார்கள். கரம்ஜித் சிங் 2002இல் புரோட்டோன் பெர்ட்டில் உலக ராலியின் புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டம் வென்றது நம் நாட்டு மோட்டார் விளையாட்டில் பெரிய நாள். ஆனால் இரண்டாவது காருக்கு ரோட் டாக்ஸ், இன்ஷூரன்ஸ், நிறுத்த இடம், தோட்டத்து ஈரத்தில் பிடிக்கும் துரு என்று எல்லாம் உண்டு. முதல் வருஷத்திலேயே இறங்க வேண்டிய செலவில்லை.

எந்த வழியில் போனாலும் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று, பயிற்சிக்கென்று தோட்டத்து ரோட்டைத் தொடாதே. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வரும் ரோடு அது. பொது ரோட்டில் அனுமதியில்லாமல் பந்தயம் விடுவதை 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அனுமதி பெற்று நடக்கும் நிகழ்ச்சிக்குப் போ, ஹெல்மெட் போடு. இரண்டு, சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கித்தான் எழுதப்பட்டிருக்கும். கூம்புக்குப் பக்கத்தில் விளக்குக் கம்பம் இருந்து அதில் போய் மோதினால், செலவு முழுக்க உன் கையிலிருந்துதான். பதிவு செய்யும் முன் பாதையைச் சுற்றி என்னென்ன நிற்கிறது என்று நடந்து பார்.

அக்கா மகன் கடைசியில் லோவர் ஆர்ம் புஷ், நாலு டயர், கேம்பர் போல்ட், அலைன்மென்ட், மூன்று துளை உள்ள பின் பார் என்று முடித்தான். மிச்சக் காசில் அப்சார்பர் எட்டவில்லை. முன்பக்கம் இன்னும் கசியவில்லை, பின்பக்கம் இடது மூலையில் லேசாக ஈரம் தெரிகிறது. தீபாவளி போனஸ் வந்ததும் பின்பக்கம் இரண்டையும் ஜோடியாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். கேபிள் டைகளை அதற்கும் எடுத்து வைத்திருக்கிறோம்.